டாலர்–ராண்ட் சார்ட்டில் ஹார்மானிக் பேட்டர்ன்: அளந்து பார்த்து வர்த்தகம் செய்வது எப்படி

ஹார்மானிக் பேட்டர்ன் என்றதும் சார்ட்டில் வௌவாலும் நண்டும் தேடுகிற வேலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இது முழுக்க அளவுகோல் வேலை. விலை ஒரு பக்கம் எவ்வளவு ஓடியது, அதில் எத்தனை பங்கு திரும்பி வந்தது, மறுபடி எவ்வளவு போனது என்று ஒவ்வொன்றாக அளக்கிறோம். வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்த அளவுகள் ஒரே விலைக்குப் பக்கத்தில் வந்து குவிந்தால், அங்கே ஒரு திருப்பம் வரலாம் என்று தயாராகிறோம். திரும்பியே தீரும் என்று யாரும் எழுதித்தர முடியாது. ஆனால் திரும்பாவிட்டால் எந்த விலையில் ‘கணக்கு தப்பு’ என்று ஒத்துக்கொண்டு வெளியேற வேண்டும் என்பது ஆர்டர் போடும் முன்பே கையில் இருக்கும். இந்த முறைக்கு நாங்கள் கொடுக்கும் மதிப்பு அதற்காகத்தான். 0.618 என்ற எண்ணுக்குத் தனி சக்தி இருக்கிறது என்று நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

இங்கே தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் லெனேசியாவிலும் டெலிகிராம் சிக்னல் குரூப்புகளில் சுற்றும் படங்களில், வடிவம் முடியும் டி புள்ளியில் அம்புக்குறி போட்டு விலை துல்லியமாகத் திரும்பியிருக்கும். அவை திரும்பிய பிறகு வரைந்த படங்கள். திரும்பும் முன் வரைவதுதான் கஷ்டம். கீழே உள்ளது அதற்கான வழி.

எண்கள்

ஃபிபொனாச்சி வரிசையில் அடுத்தடுத்த இரண்டு எண்களை வகுத்தால், 21-ஐ 34-ஆல் வகுப்பதுபோல, 0.618 கிடைக்கும், மாற்றி வகுத்தால் 1.618. மற்றவை இவற்றிலிருந்தே வருகின்றன. 0.618-ஐ அதாலேயே பெருக்கினால் 0.382. 0.618-இன் வர்க்கமூலம் 0.786, அதன் வர்க்கமூலம் 0.886. மேல் பக்கம் 1.618-இன் வர்க்கமூலம் 1.27, அதன் வர்க்கமூலம் 1.13. இவற்றோடு 2.24, 2.618, 3.618 போதும். 0.5 ஃபிபொனாச்சி எண் அல்ல; ஆனாலும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்.

1935-இல் எச். எம். கார்ட்லி இந்த வடிவத்தை முதலில் விவரித்தபோது இந்த விகிதங்கள் எதையும் அவர் தரவில்லை. லாரி பெசவென்டோ போன்றவர்கள் பின்னால் எண்களைச் சேர்த்தார்கள். வௌவால், நண்டு ஆகியவற்றை 2000-ஐ ஒட்டி வரையறுத்தவர் ஸ்காட் கார்னி. அதனால் ‘தொண்ணூறு வருடமாக நிரூபிக்கப்பட்ட விகிதம்’ என்று யாராவது பாடம் விற்றால் அதைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

சார்ட்டைத் தயார் செய்வது

டிரேடிங்வியூவில் எக்ஸ்ஏபிசிடி பேட்டர்ன் என்ற கருவியே இருக்கிறது. வடிவத்தின் எக்ஸ், ஏ, பி, சி, டி என்ற ஐந்து புள்ளிகளைத் தொட்டால் (விளக்கம் ‘நான்கு வடிவங்கள்’ பகுதியில்) விகிதங்களை எழுதிக் காட்டும். ஆனால் டி இன்னும் உருவாகாதபோது அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எனவே விலை எத்தனை பங்கு திரும்பியது என்று அளக்கும் சாதாரண ஃபிபொனாச்சி ரிட்ரேஸ்மென்ட் கருவியைப் பழகிக்கொள்ளுங்கள். மெட்டாடிரேடர் 5-இல் அதன் செட்டிங்கில் 0.786, 0.886, 1.13, 1.27, 2.24 ஆகிய மட்டங்கள் தானாக இருக்காது. கையால் சேர்த்து, 0.236-ஐயும் 4.236-ஐயும் நீக்கிவிடுங்கள். கோடு அதிகமானால் எந்த விலையும் ஏதாவது ஒரு கோட்டில் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும்.

கருவியை எக்ஸ்-இலிருந்து ஏ-க்கு இழுக்கும்போது ஏ-யில் 0, எக்ஸ்-இல் 1 வரவேண்டும். தலைகீழாக வந்தால் 0.382-ம் 0.618-ம் இடம் மாறி, கார்ட்லி வௌவாலாகிவிடும். புதிதாக வருகிறவர்களிடம் அதிகம் பார்க்கிற பிழை இதுதான்.

டாலர்–ராண்ட் ஒரே சந்தையில் நடப்பதல்ல. ஒவ்வொரு தரகரின் விலைக்கும் சிறு வித்தியாசம் உண்டு, குறிப்பாக கேண்டிலின் திரிகளில், அதாவது ஒரு கால அளவின் விலையைக் காட்டும் பட்டையின் மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகளில். எந்தத் தரகரிடம் ஆர்டர் போடுகிறீர்களோ அவர் சார்ட்டிலேயே அளவெடுங்கள். டைம்ஃப்ரேம் 4 மணி அல்லது ஒரு நாள். 15 நிமிட சார்ட்டிலும் பேட்டர்ன்கள் கொட்டிக் கிடக்கும். ஆனால் ராண்டுக்கு ஸ்பிரெட், அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, அகலம். இருபது சென்ட் லாபத்தில் ஒரு சென்ட் ஸ்பிரெட்டுக்குப் போனால் தாங்கலாம், நான்கு சென்ட் லாபத்தில் போனால் தாங்காது.

நான்கு வடிவங்கள்

எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே: எக்ஸ்-இலிருந்து ஏ வரை ஒரு பெரிய ஓட்டம், ஏ-யிலிருந்து பி வரை திருப்பம், பி-யிலிருந்து சி வரை மறு திருப்பம், கடைசியாக சி-யிலிருந்து டி. டி-யில்தான் வர்த்தகம். சி எப்போதும் ஏ–பி நீளத்தில் 0.382 முதல் 0.886 வரை திரும்பியிருக்க வேண்டும். ஏ-யைத் தாண்டினால் வடிவமே இல்லை. பெயரை முடிவு செய்வது பெரும்பாலும் பி.

கார்ட்லி: பி, எக்ஸ்–ஏ ஓட்டத்தில் 0.618 திரும்பியிருக்கும். டி 0.786-இல். பி–சி அளவை நீட்டினால் 1.13 முதல் 1.618 வரை. இதில் ஏ–பி நீளமும் சி–டி நீளமும் சமமாக வருவது முக்கியம்.

வௌவால்: பி 0.382 முதல் 0.5 வரை. டி 0.886-இல். பி–சி நீட்டிப்பு 1.618 முதல் 2.618 வரை.

பட்டாம்பூச்சி: பி 0.786-இல். டி எக்ஸ்-ஐத் தாண்டி 1.27-இல். பி–சி நீட்டிப்பு 1.618 முதல் 2.24 வரை.

நண்டு: பி 0.382 முதல் 0.618 வரை. டி வெகு தூரம் தள்ளி 1.618-இல். பி–சி நீட்டிப்பு 2.24 முதல் 3.618 வரை.

சார்க், சைஃபர் என்று இன்னும் பல உண்டு. தொடங்குகிறவர்கள் கார்ட்லியும் வௌவாலும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். காரணம் எளிது: இரண்டிலும் டி எக்ஸ்-க்கு உள்ளே இருக்கிறது. எக்ஸ் உடைந்தால் வடிவம் செத்தது என்று சொல்லிவிடலாம். பட்டாம்பூச்சியிலும் நண்டிலும் விலை ஏற்கெனவே எக்ஸ்-ஐ உடைத்துக்கொண்டு வேகமாக வருகிறது. அந்த வேகத்துக்கு எதிராக நிற்க வேண்டும், ஸ்டாப்-லாஸ் (நட்டத்தை நிறுத்தி வெளியேறும் ஆர்டர்) வைக்க இயற்கையான இடமும் இல்லை.

துல்லியம் எவ்வளவு? கார்ட்லியின் பி-க்கு 0.59 முதல் 0.65 வரை ஏற்கலாம். 0.55-இல் நின்றால் அது கார்ட்லியும் அல்ல, வௌவாலும் அல்ல, விட்டுவிடுங்கள். ‘கிட்டத்தட்ட வௌவால்’ என்று தோன்றுகிற இடத்திலெல்லாம் நீங்கள் வாங்க ஆசைப்படுகிறீர்கள் என்றுதான் பொருள்.

எக்ஸ்-ஐயும் ஏ-யையும் எங்கே வைப்பது

மொத்த வேலையிலும் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். எக்ஸ் தவறான இடத்தில் இருந்தால் பின்னால் வரும் கணக்கு சரியாக இருந்தும் பயனில்லை.

புள்ளிகளைக் கேண்டில் திரியின் நுனியில் வையுங்கள், உடலில் அல்ல. ஒரு நுனிக்கு இரண்டு பக்கமும் குறைந்தது ஐந்து கேண்டில்களாவது அதைத் தாண்டாமல் இருந்தால் அதை ஸ்விங்காக, அதாவது விலை திரும்பிய புள்ளியாக, எடுங்கள். எக்ஸ்–ஏ ஓட்டம் அந்த டைம்ஃப்ரேமின் ஏடிஆர் 14-ஐப்போல (கடைசி 14 கேண்டில்களின் சராசரி அசைவு) ஐந்து மடங்காவது இருக்கட்டும். அதற்குக் குறைவானது சந்தையின் சாதாரண நடுக்கம். எக்ஸ்-க்கும் ஏ-க்கும் நடுவில் எக்ஸ்-ஐவிடக் கீழோ ஏ-யைவிட மேலோ வேறு நுனி இருக்கக்கூடாது. சார்ட்டைச் சுருக்கிப் பார்த்தால், வர்த்தகமே தெரியாத உங்கள் சித்தப்பா பையனும் ‘இங்கே இறங்கிச்சு, இங்கே ஏறிச்சு’ என்று கைகாட்டும் அளவுக்கு அந்த ஓட்டம் தெளிவாக இருக்க வேண்டும்.

உச்சியையும் அடியையும் கோட்டால் இணைத்துக் காட்டும் ஜிக்ஜாக் இண்டிகேட்டர் உதவும், ஆனால் அதன் கடைசிக் கோடு நிலையானதல்ல. புதிய தாழ்வு வந்தால் பழைய புள்ளியை அழித்துவிட்டுப் புதிய இடத்தில் போட்டுக்கொள்ளும். தானாகவே ஹார்மானிக் கண்டுபிடிப்பதாக விற்கப்படும் இண்டிகேட்டர்கள் பலவும் இதன்மேல் கட்டப்பட்டவை. பழைய சார்ட்டில் எல்லா டி-யும் சரியாகத் தெரிவதற்கும், நேரடியாக ஓடவிட்டால் டி கீழே கீழே நகர்ந்துகொண்டே போவதற்கும் இதுவே காரணம்.

ஒரு வௌவால், எண்களோடு

எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. டாலர்–ராண்ட், 4 மணி சார்ட். எக்ஸ் 17.8000, ஏ 18.6000. ஓட்டம் 0.80 ராண்ட். பி 18.2400-இல் நின்றது, 0.36 திரும்பியிருக்கிறது, 0.36-ஐ 0.80-ஆல் வகுத்தால் 0.45. வௌவாலுக்கான 0.382–0.5-க்குள் இருக்கிறது. சி 18.4600 வரை ஏறியது, 0.22-ஐ 0.36-ஆல் வகுத்தால் 0.61, இதுவும் சரி. இப்போது சி-யிலிருந்து விலை இறங்கத் தொடங்கியிருக்கிறது. டி எங்கே வரலாம்?

முதல் அளவு: எக்ஸ்–ஏ-யில் 0.886. 0.80-ஐ 0.886-ஆல் பெருக்கினால் 0.7088, 18.60-இலிருந்து கழித்தால் 17.8912.

இரண்டாவது: பி–சி நீட்டிப்பு. கருவியை பி-யிலிருந்து சி-க்கு இழுத்தால் சி-யில் 0, பி-யில் 1, அதற்குக் கீழே மற்ற மட்டங்கள். 1.618 மட்டம் 18.1040, 2.24 மட்டம் 17.9672, 2.618 மட்டம் 17.8840.

மூன்றாவது: ஏ–பி-யின் நீளத்தை சி-யிலிருந்து கீழே அளப்பது. இதற்கு மூன்று புள்ளி கேட்கும் எக்ஸ்டென்ஷன் கருவி. சம நீளம் என்றால் 18.1000, 1.27 மடங்கு 18.0028, 1.618 மடங்கு 17.8775. வௌவாலில் சம நீளம் பெரும்பாலும் போதாமல் போகும், 1.27 அல்லது 1.618 மடங்குதான் 0.886-க்குப் பக்கத்தில் வரும்.

மூன்றிலிருந்தும் ஒவ்வொன்று 17.8775, 17.8840, 17.8912 என்று ஒன்றரை சென்ட்டுக்குள் குவிந்திருக்கின்றன. இதுதான் திரும்பும் பகுதி. இந்தப் பகுதியின் அகலம் எக்ஸ்–ஏ-யில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால், இங்கே 8 சென்ட், எந்த இடத்தில் நிற்கிறோம் என்றே தெரியாது. வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சந்தை ஏறி முடிந்து விற்கும் பேட்டர்ன் என்றால் இதே கணக்கு தலைகீழாக. எக்ஸ் உச்சி, ஏ அடி.

டி-யில் என்ன செய்வது

விலை அந்தப் பகுதியைத் தொட்டவுடன் தானாக வாங்கும்படி லிமிட் ஆர்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் விலை மலிவாகக் கிடைக்கும். ஆனால் தோற்கும் பேட்டர்ன்கள் ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் நீங்கள் இருப்பீர்கள். திரும்பும் பகுதியை உடைத்துப்போகும் விலை முதலில் அதைத் தொட்டுத்தானே ஆக வேண்டும். நாங்கள் சொல்வது: காத்திருங்கள்.

மூன்று எண்களையும் தொட்ட கேண்டில் முடியட்டும். எடுத்துக்காட்டில் விலை 17.8850 வரை இறங்கியிருந்தால் 17.8840-உம் 17.8775-உம் தொடப்படவில்லை. இப்படி முக்கால் சென்ட் விட்டுப்போவதை ஏற்கலாம். ராண்டின் ஸ்பிரெட்டே அதைவிட அகலம். அடுத்து ஒரு மணி சார்ட்டுக்கு இறங்குங்கள். கீழே வரும் வழியில் விலை சிறு சிறு மேடுகளை விட்டு வந்திருக்கும். கடைசி மேட்டுக்கு மேல் ஒரு கேண்டில் முடிந்தால் அது முதல் அறிகுறி. விலையின் வேகத்தைக் காட்டும் ஆர்எஸ்ஐ 14 இண்டிகேட்டரில், சற்று முந்தைய அடியைவிட விலை கீழே, ஆர்எஸ்ஐ மேலே என்று விலகல் தெரிந்தால் கூடுதல் பலம். இரண்டும் இல்லாமல் நீண்ட கீழ்த்திரி கொண்ட வெறும் சுத்தியல் கேண்டிலை நம்பி இறங்க வேண்டாம்.

சி–டி எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். ஏ–பி இருபது கேண்டிலில் வந்திருக்க, சி–டி ஐந்தாறு நீள கேண்டிலில் விழுந்தால் யாரோ அவசரமாக விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதன் குறுக்கே போகாதீர்கள்.

சார்ட்டில் 17.91-இல் அந்த ஒரு மணி கேண்டில் முடிகிறது. ஸ்பிரெட் ஒரு சென்ட், எனவே வாங்கும் விலை 17.92. ஸ்டாப்-லாஸ் எக்ஸ்-க்குக் கீழே. எக்ஸ்-இலேயே வைக்காதீர்கள், அங்கேதான் எல்லோருடையதும் இருக்கும். 4 மணி ஏடிஆர் 6 சென்ட் என்றால் அதில் பாதி தள்ளி, 17.77. ஆபத்து ஒரு டாலருக்கு 15 சென்ட்.

டார்கெட், ஏ-யிலிருந்து டி வரையிலான இறக்கத்தை அளந்து. 18.60-இலிருந்து 17.8850 வரை 0.715. அதில் 0.382 திரும்பினால் 18.1581, 0.618 திரும்பினால் 18.3269. முதல் டார்கெட்டுக்கு லாபம் சுமார் 24 சென்ட், அதாவது ஆபத்தைப்போல 1.6 மடங்கு, இரண்டாவதுக்கு 2.7 மடங்கு. முதல் டார்கெட்டில் மட்டும் வெளியேறினால், நூறில் 39 வர்த்தகமாவது வென்றால்தான் கை நட்டப்படாது. 17.92-க்குப் பதில் அவசரப்பட்டுத் துரத்தி 18.00-இல் வாங்கியிருந்தால் ஆபத்து 23 சென்ட், லாபம் 16 சென்ட். அதே பேட்டர்னுக்கு நூறில் 59 வெல்ல வேண்டும். விலை ஓடிவிட்டால் விட்டுவிடச் சொல்வது இதனால்தான்.

லாட் அளவு

கணக்கில் 20,000 ராண்ட் இருக்கிறது, ஒரு வர்த்தகத்துக்கு ஒரு விழுக்காடு ஆபத்து என்று வைத்தால் 200 ராண்ட். 200-ஐ 0.15-ஆல் வகுத்தால் 1,333 டாலர். ஒரு லாட் 100,000 டாலர். மெட்டாடிரேடரில் வழக்கமான குறைந்தபட்சம் 0.01 லாட், அதாவது 1,000 டாலர். அதைத்தான் எடுக்க முடியும். தோற்றால் 150 ராண்ட் போகும். 0.02 எடுத்தால் 300 ராண்ட், ஒன்றரை விழுக்காடு. ‘பாதியை முதல் டார்கெட்டில் விற்று, மீதியை ஓடவிடு’ என்று எல்லோரும் சொல்வார்கள், 0.01 லாட்டைப் பாதியாக வெட்ட முடியாது. சிறிய கணக்குக்காரர் முதல் டார்கெட்டிலேயே முழுவதும் வெளியேறத் திட்டமிடுவது நல்லது.

1,000 டாலரின் மதிப்பு 17,920 ராண்ட். நூறு மடங்கு லிவரேஜ் (பணத்தைப்போல நூறு மடங்கு வர்த்தகம் செய்யும் வசதி) தரும் தரகரிடம் இதற்கு ஈடாகப் பிடித்துவைக்கும் மார்ஜின் 180 ராண்டுக்குள்தான். கணக்கில் மிச்சம் 19,800 சும்மா கிடப்பதுபோலத் தோன்றும். லாட் அளவை மார்ஜின் முடிவு செய்யக்கூடாது, ஸ்டாப்-லாஸ் தூரம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு செலவு இரவு வட்டி. தென்னாப்பிரிக்க வட்டி அமெரிக்க வட்டியைவிட அதிகம் என்பதால், டாலரை வாங்கி ராண்டை விற்றவர் ஒவ்வொரு இரவும் வட்டி கட்டுவார். புதன்கிழமை இரவு வழக்கமாக மூன்று நாள் வட்டி ஒன்றாகப் போகும். பத்து நாள் பிடித்து வைக்கப் போகிற நாள்-சார்ட் பேட்டர்னில் இது கணிசமாக வரும். தரகரின் ஒப்பந்த விவரத்தில் தொகையைப் பார்த்து டார்கெட்டிலிருந்து கழித்துக் கணக்கிடுங்கள்.

எங்கே கெடும்

விற்றவர்களுக்கு வரும் புதிர் ஒன்று: ‘சார்ட்டில் விலை என் ஸ்டாப்பைத் தொடவே இல்லை, ஆனால் வெளியேற்றிவிட்டார்கள்.’ மெட்டாடிரேடர் சார்ட் வரைவது நீங்கள் விற்றால் கிடைக்கும் விலையை மட்டும். விற்ற நிலையை மூடுவதற்கு வாங்க வேண்டும். அதனால் ஸ்டாப் வாங்கும் விலையில் அடிபடும், அது ஸ்பிரெட் அளவுக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. நியூயார்க் நாள் முடியும் நேரம் நமக்கு அங்கே கோடைக்காலத்தில் இரவு 11 மணி, குளிர்காலத்தில் நள்ளிரவு. அப்போது ராண்டின் ஸ்பிரெட் பல மடங்கு விரியும். விற்கும் பேட்டர்னில் ஸ்டாப்பை எக்ஸ்-க்கு மேல் வைக்கும்போது, அந்த நேரத்து ஸ்பிரெட்டையும் சேர்த்து வையுங்கள். மெட்டாடிரேடரில் ‘ஆஸ்க்’ (வாங்கும் விலை) கோட்டைக் காட்டும் வசதியைத் தட்டிவிட்டு ஓரிரு இரவு கவனித்தால் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

செய்தி நேரம். அமெரிக்க வேலைவாய்ப்பு, பணவீக்க எண்கள் நமக்கு அங்கே கோடையில் பிற்பகல் 2.30-க்கும், குளிர்காலத்தில் 3.30-க்கும் வரும். தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் வட்டி முடிவு வழக்கமாக வியாழன் பிற்பகல் 3 மணி. அந்த அரை மணியில் விலை டி-யைத் தொட்டால் அது பேட்டர்ன் முடிந்ததாகாது. செய்தி அடங்கிய பிறகும் விலை அந்தப் பகுதியிலேயே இருந்தால் அப்போது பாருங்கள்.

அரசியல் ராண்டுக்கு எப்போதும் தனி அத்தியாயம். 2015 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு நிதியமைச்சர் ந்ஹ்லான்ஹ்லா நேனே நீக்கப்பட்டபோது, 14.50-ஐ ஒட்டி இருந்த டாலர் இரண்டே நாளில் 15-ஐத் தாண்டிப் போனது. அந்த மாதிரி நாளில் 0.886-உம் 1.618-உம் வெறும் கோடு. அதற்கு ஒரு மாதம் கழித்து, 2016 ஜனவரி 11 திங்கள் விடியலுக்கு முன், ஜப்பானில் விடுமுறை நாளாக இருந்ததால் சந்தையில் ஆளே இல்லாத நேரத்தில், ராண்ட் சுமார் கால் மணி நேரத்தில் 9 விழுக்காடு அளவுக்கு விழுந்து, பிறகு பெரும்பகுதி மீண்டது. ஸ்டாப்-லாஸ் என்பது அந்த விலையில் வெளியேற்றுவேன் என்ற உறுதி அல்ல. அந்த விலை வந்ததும் கிடைத்த விலைக்கு மூடு என்ற உத்தரவு. ஆகையால் வெள்ளி இரவுக்குமேல் ராண்ட் நிலையைப் பிடித்து வைக்கிறவர் லாட்டைப் பாதியாக்க வேண்டும், 0.01 மட்டும் வைத்திருக்கிறவர் மூடிவிட வேண்டும்.

ஒரே நேரத்தில் டாலர்–ராண்ட், யூரோ–ராண்ட், பவுண்ட்–ராண்ட் மூன்றிலும் வௌவால் தெரிகிறதா? அது மூன்று வாய்ப்பு அல்ல, ராண்டைப் பற்றிய ஒரே பந்தயம் மூன்று தடவை. ஒன்றை மட்டும் எடுங்கள். ஸ்பிரெட் குறைவு என்பதால் பெரும்பாலும் டாலர்–ராண்ட்.

மின்சாரம். லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) இல்லாத வாரங்களிலும் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் இருக்கத்தான் செய்கின்றன. ஸ்டாப்பும் டார்கெட்டும் ஆர்டரோடு சேர்ந்தே தரகரின் சர்வரில் இருக்க வேண்டும். ‘மனதுக்குள் ஸ்டாப்’ வைத்திருக்கிறவரின் ரூட்டர் அணைந்தால் கதை முடிந்தது. விலையோடு தானாக நகரும் டிரெய்லிங் ஸ்டாப் மெட்டாடிரேடரில் உங்கள் கணினி ஓடும்வரைதான் வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டர்ன் தோற்றபின் செய்யும் தவறு தனி. எக்ஸ் உடைந்ததும் ‘ஓஹோ, இது வௌவால் அல்ல, நண்டு’ என்று பெயரை மாற்றி, 1.618 வரை தாங்கலாம் என்று ஸ்டாப்பை நகர்த்துவது. நம் எடுத்துக்காட்டில் நண்டின் டி 17.3056-இல் வரும். 15 சென்ட் ஆபத்துக்குப் போட்ட லாட்டோடு 60 சென்டுக்கு மேல் கீழே போக வேண்டியிருக்கும். நண்டு வேண்டுமென்றால், வௌவாலில் நட்டத்தோடு வெளியேறிவிட்டு, 17.31-க்கு வரும்போது புதிதாக லாட் கணக்குப் போட்டு வாருங்கள்.

ஜேஎஸ்இ பங்குகளில்

ஜோகனஸ்பர்க் பங்குச்சந்தை காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறது, 4.50-க்கு மேல் கடைசி ஏலம். இதனால் 4 மணி கேண்டில் ஒரு நாளைக்கு இரண்டுதான் வரும். நாள் சார்ட்டே பொருத்தம். விலைகள் சென்ட்டில் இருக்கும்: 45,000 என்றால் 450 ராண்ட். ஸ்டாப்பை ராண்டில் தட்டிவிட்டு ஆர்டர் ஏன் விழவில்லை என்று திகைப்பவர்கள் இன்றும் உண்டு.

பங்கை நேரடியாக வாங்கினால் பத்திர மாற்று வரி 0.25 விழுக்காடும், அதன்மேல் தரகும் போகும். ஆறேழு விழுக்காடு டார்கெட் உள்ள பேட்டர்னுக்கு இது பொருட்டல்ல; ஒன்றரை விழுக்காடு டார்கெட்டுக்குச் சரிப்படாது. கோல்ட் ஃபீல்ட்ஸ் போல நியூயார்க்கிலும் விற்பனையாகும் பங்குகள் இரவு அங்கே நகர்ந்துவிட்டு, காலையில் இங்கே தாவித் திறக்கும். திரும்பும் பகுதியைத் தாவியே கடந்துவிட்டால் அந்த பேட்டர்னை மறந்துவிடுங்கள். டிவிடெண்ட் கழியும் நாள், வழக்கமாகப் புதன்கிழமை, விலை அந்தத் தொகைக்கு இறங்கும். சார்ட் அதற்குச் சரிசெய்யப்பட்டதா இல்லையா என்று பார்க்காமல் எக்ஸ்–ஏ அளந்தால் எல்லா விகிதமும் கொஞ்சம் கொஞ்சம் தப்பும். ஜேஎஸ்இயின் டாப் 40 குறியீட்டின் ஃபியூச்சர்ஸில் (எதிர்காலத் தேதிக்கான ஒப்பந்தங்கள்) மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மூன்றாம் வியாழன் ஒப்பந்தம் முடிந்து அடுத்ததற்கு மாறும்போதும் இதே சிக்கல்.

பணம் போடும் முன்

தரகரிடம் எஃப்எஸ்சிஏ (தென்னாப்பிரிக்க நிதித்துறை ஒழுங்காற்று ஆணையம்) உரிம எண் இருக்கிறதா என்று அந்த ஆணையத்தின் தளத்திலேயே தேடுங்கள். தரகர் அனுப்பிய படத்தை நம்ப வேண்டாம். பெயர், எண் இரண்டும் ஒத்துப்போக வேண்டும், டெரிவேட்டிவ் (வேறொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தம்) விற்க அனுமதி இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கணக்கை ‘நிர்வகித்து’ மாதம் இத்தனை விழுக்காடு தருவேன் என்கிறவர் தூரத்துச் சொந்தமாக இருந்தாலும் இதே கேள்விதான்.

பழகுவதற்கு டிரேடிங்வியூவின் ரீப்ளே வசதியில் பழைய தேதிக்குப் போய் வலது பக்கத்தை மறைத்துவிடுங்கள். சி உருவானதும் டி பகுதி, ஸ்டாப், டார்கெட் மூன்றையும் எழுதிவிட்டு, பிறகு கேண்டில் கேண்டிலாக நகர்த்துங்கள். ஐம்பது பேட்டர்னாவது சேருங்கள். தாளில் இருக்க வேண்டியவை: தேதி, டைம்ஃப்ரேம், ஐந்து விலைகள், பி-யின் விகிதம், திரும்பும் பகுதியின் அகலம், உறுதி அறிகுறி எது, முடிவு ஆபத்தின் எத்தனை மடங்கு. விலை டி வரை வராமலே திரும்பியவற்றையும் எழுதுங்கள். அவற்றை விட்டுவிட்டால் எத்தனை முறை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க நேரும் என்பது தெரியாது.

உண்மைப் பணத்தில் தொடங்கியபின் இதே தாள் வரிக்கும் உதவும். அடிக்கடி வாங்கி விற்பவரின் லாபத்தை சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரித்துறை) சாதாரண வருமானமாகவே பார்க்கும். வரி ஆண்டு மார்ச் 1-இல் தொடங்கி பிப்ரவரி கடைசியில் முடியும். தரகரின் அறிக்கைகளை மாதாமாதம் இறக்கி ஐந்து வருடம் வைத்திருங்கள். கணக்கை மூடினால் அவர்களிடமிருந்து பழைய அறிக்கை வாங்குவது பெரும்பாடு.